சூட்டறையில் உலர்ந்த ரத்தம்

காலை ஐந்தே முக்கால் மணி. முதலில் கண்ணில் பட்டது கொசுவலையில் ஒரு கிழிசல். யாரோ பச்சை நூலால் தைத்திருந்தார்கள். தையல் கோணல். அதற்கு அப்பால் சுவர்க் கடிகாரம். கடிகாரத்துக்குக் கீழே, இரண்டு கட்டில்களுக்கு நடுவில், வெறுந்தரையில் சூசை தூங்கிக்கொண்டிருந்தார். ஈரச் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார்.

ஆலைச் சங்கு ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது. எந்த ஷிப்டுக்கு இப்படி ஊதுகிறார்கள் என்று யோசித்தேன். அது சங்கு இல்லை, காய்ச்சலுக்குக் கொயினா ஊசி போட்டால் காதுக்குள் வருகிற சத்தம் என்று பிறகு நர்ஸ் சொன்னார்.

நான் கூப்பிடவில்லை. கட்டில் அசைந்த சத்தத்துக்கே சூசை எழுந்து உட்கார்ந்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் யாருன்னு சொல்லுங்க."

"சூசை."

"அப்பா. நேத்து என்னைய ஆசிரியரேன்னு கூப்ட்டீய சார். நாளைக்குள்ள செய்தி வந்திரும்னு சத்தியம் வேற பண்ணுனீய."

போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்றாம் நாள் அது. முதல் இரண்டு நாளும், அதற்கு முந்தைய கப்பல் பயணமும் எனக்கு நினைவில் இல்லை. அவற்றைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் சூசை சொன்னது. மற்றவை நான் பார்த்தவை, கேட்டவை.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தவன். பத்திரிகை நின்றுபோனது. ஆள் எடுக்க வந்த காண்டிராக்டர் ஒருவர் மூலம் அந்தமானுக்கு வந்து, லாங் ஐலண்டிலிருந்து டோங்கி என்கிற சின்னப் படகில் போகிற தூரத்தில் இருந்த ஒரு மர முகாமின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முகாமின் பெயரை எழுதவில்லை. அங்கே இருந்தவர்களில் பலர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். மனைவியும் குழந்தைகளும் மதுரையில். சூசை தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், முகாமின் டோங்கி ஓட்டி. அவர் மனைவி பிலோமினா. கல்யாணமாகி வந்து ஒரு மழை பார்த்திருந்தாள். அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

எனக்கும் பிலோமினாவுக்கும் ஒரே வாரத்தில்தான் காய்ச்சல் வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே காலையில், ஒரே பெஞ்சில் வைத்து ரத்தம் எடுத்தார் முருகேசன். அவர் மலேரியா ஒழிப்பு வேலைக்காக முகாமில் இருந்த ஊழியர், திருச்சிப் பக்கத்து ஆள். முறை எளிது. மோதிர விரலைப் பஞ்சால் துடைத்து ஊசியால் குத்துவார். வருகிற சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வாங்கி, இன்னொரு சில்லின் முனையால் நாலணா அகலத்துக்குப் பரப்புவார். அது உலர்ந்ததும் தாளில் சுற்றிப் பெட்டியில் வைப்பார். கப்பல் வரும்போது பெட்டி போர்ட் பிளேயருக்குப் போகும். அங்கே சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்து, கிருமி உண்டா இல்லையா என்று அடுத்த கப்பலில் பதில் சொல்வார்கள். அதுவரைக்கும் கையோடு நான்கு கசப்பு மாத்திரை. பதிலில் கிருமி உண்டு என்று வந்தால் முழு மருந்து.

பிலோமினா விரலை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மீனு அறுக்கிறவளுக்கு ரத்தத்தைப் பார்த்தா பயமா?" என்றார் முருகேசன்.

"அது மீனோட ரத்தம்ணே. இது என்னோடது."

எங்கள் இருவருக்கும் பதில் ஒன்றாகவே வந்தது. கிருமி இல்லை. அதற்குள் காய்ச்சலும் விட்டிருந்தது. பிறகு எனக்கு மட்டும் திரும்பி வந்தது, முன்னைவிடக் கடுமையாக. முகாமில் டாக்டர் இல்லை. மலேரியா இல்லை என்று பதில் இருந்ததால் டைபாய்டு என்று முடிவு கட்டிக் கஞ்சி கொடுத்தார்கள். கசப்பு மாத்திரை கையிருப்பு குறைந்திருந்தது. கிருமி இல்லை என்று வந்தவர்களுக்கு முருகேசன் அதை மறுபடி கொடுக்காமல் வைத்திருந்தார். நான் நினைவு தப்பிய அன்று கப்பல் வந்தது.

நோயாளியோடு ஒரு ஆள் போக வேண்டும். எனக்கு அங்கே சொந்தம் யாரும் இல்லை. மேனேஜர் வரிசையாக முகங்களைப் பார்த்தாராம். பிலோமினாதான் சூசையைப் பிடித்துத் தள்ளினாளாம். "போயிட்டு வாங்க, எனக்குத்தான் விட்டுருச்சே. சாருக்கு யாரு இருக்கா" என்றாளாம்.

அன்று காலை வார்டுக்கு வந்த டாக்டர் இளைஞர், மலையாளி. விலா எலும்புக்குக் கீழே இடது பக்கம் விரல்களை வைத்து அழுத்தினார். வலித்தது. மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். மலேரியாக் கிருமி புகுந்த ரத்த அணுக்களை அரைத்துத் தள்ளுகிற வேலை அதற்கு, வேலை கூடினால் வீங்கும் என்று விளக்கினார். மலேரியாவில் மூளைக்கு ஏறுகிற வகை ஒன்று உண்டு, எனக்கு வந்தது அதுதான் என்றார். வந்த அன்று எடுத்த ரத்தத்தில் கிருமிகளை எண்ணத் தொடங்கி, எண்ணி மாளாமல் பாதியில் விட்டுவிட்டார்களாம்.

சூசை கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், சாருக்கு மலேரியா இல்லன்னு இங்கருந்துதானே பதில் வந்துச்சு?"

டாக்டர் அதைத் தமிழிலேயே புரிந்துகொண்டார். "ஆமாம், வந்திருக்கு. சில சமயம் கண்ணுக்குத் தப்பும்."

"அதே பெட்டியில போன கண்ணாடிதான் என் பெஞ்சாதிக்கும். அதே பதில்தான் வந்துச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

"அவங்களுக்கு இப்ப காய்ச்சல் இருக்கா?"

"நான் கப்பல் ஏறுன அன்னைக்கு இல்ல. மாசமா இருக்கா."

டாக்டர் கையிலிருந்த அட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனார். அட்டை மதியம் வரை அங்கேயே கிடந்தது.

மதியம் வந்தவர் ஆய்வுக்கூடத்துத் தத்தா. வங்காளி, ஐம்பதை நெருங்குகிற ஆள், மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அவர் பேசியது தீவு இந்தி. தேவைப்பட்ட இடங்களில் தமிழும் வங்காளமும் கலந்தது. நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் என்னை அக்பார் பாபு என்றே கூப்பிட்டார். அக்பார் என்றால் செய்தித்தாள்.

அவர் கையில் இரண்டு கண்ணாடிச் சில்லுகள் இருந்தன. ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினார். ஒன்றில் இருந்த வட்டம் வெளுத்து, லேசான நீல நிறத்தில் இருந்தது. அதன் வழியே வெளியே நின்ற தென்னை தெரிந்தது. இன்னொன்றில் வட்டம் காப்பிக் கொட்டை நிறத்தில் அடர்ந்து கிடந்தது. அதன் வழியே ஒன்றும் தெரியவில்லை.

"இது நீங்க வந்த அன்னைக்கு இங்கே எடுத்தது. இது உங்க முகாம்லருந்து வந்தது. ரெண்டும் உங்க ரத்தம்தான்."

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். தடித்த சொட்டின் மீது நீர் கலந்த சாயத்தை விட்டால், முதலில் ரத்தத்தின் சிவப்பு கரைந்து ஓடிவிடும். சிவப்பு போனால்தான் உள்ளே இருக்கிற கிருமி சாயம் ஏறித் தெரியும். ஆனால் அந்தச் சொட்டில் சூடு பட்டிருந்தால் அது முட்டை வெந்த மாதிரி கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு நீர் விட்டாலும் கரையாது. எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும். அப்படிப்பட்ட சில்லைப் படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் எல்லாத் தீவுகளிலிருந்தும் பெட்டிகள் வந்து குவிகின்றன. யாரோ பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, இல்லை என்று எழுதிவிட்டார்.

"இந்தப் பெட்டி முழுக்க ஆம்லெட்," என்றார் தத்தா. "உங்க ஆளு இதை அடுப்புல வெச்சானா?"

"அடுப்பில் இல்லை," என்றேன். "சூட்டறையில்."

எங்கள் முகாமில் அறுத்த பலகையை உலர்த்த ஒரு அறை உண்டு. கொதிகலனிலிருந்து நீராவிக் குழாய்கள் அதன் தரைக்கடியில் ஓடும். படாக் மரத்துப் பலகை பச்சையாக உள்ளே போய், கோணாமல் பிளக்காமல் காய்ந்து வெளியே வரும். அதுதான் முகாமின் பெருமை. ஆறேழு மாதம் மழை பெய்கிற ஊரில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். துணி அங்கேதான் காயும். தீப்பெட்டி, அப்பளம், கருவாடு, பிள்ளைகளின் பாடப் புத்தகம், சர்ச்சுக்கு வந்த மெழுகுவர்த்தி வைக்கிற மரப்பெட்டி, எல்லாம் அங்கே ஒருமுறை போய் வந்தவை. ஈரமான எதைப் பார்த்தாலும் சூட்டறையில் வை என்பது எங்கள் எல்லோர் வாயிலும் தானாக வரும்.

மழை தொடங்கியதும் முருகேசனின் கண்ணாடிகள் உலரவில்லை. ஈ வந்து நக்கியது. மீதியில் பூசணம் பூத்தது. சில்லுகள் கெட்டு வருகின்றன, நன்றாக உலர்த்தி அனுப்பவும் என்று போர்ட் பிளேயரிலிருந்து குறிப்பு வந்தது. அவர் மேனேஜரிடம் கேட்டு, சூட்டறையில் பலகை அடுக்குகளுக்கு மேலே ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு சில்லுகள் கரகரவென்று காய்ந்தன. குறிப்பு வருவதும் நின்றது.

தத்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் குறிப்பை எழுதியது தான்தான் என்றார்.

அன்றே டாக்டர் செய்தி எழுதினார். போலீஸ் வயர்லெஸ் வழியாக லாங் ஐலண்டுக்கு, அங்கிருந்து டோங்கியில் முகாமுக்கு. மழை தொடங்கிய பிறகு கிருமி இல்லை என்று வந்த எல்லோருக்கும் காய்ச்சல் இருந்தால் உடனே முழு மருந்து, முதலில் பிலோமினாவுக்கு. ஆங்கிலத்தில் எழுதியதை அவர் என்னிடம் காட்டினார். தேவையில்லாத சொற்களை அடித்துக் கொடுத்தேன். பிலோமினாவின் பெயரை முதல் வரிக்கு ஏற்றினேன்.

சூசை அடுத்த கப்பலில் போய்விடுகிறேன் என்றார். அடுத்த கப்பல் எப்போது என்று, கப்பல் அணைகிற ஜெட்டியில் யாருக்கும் தெரியவில்லை. கடல் கலங்கியிருந்தது. தினமும் விடிந்ததும் எனக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போலீஸ் வயர்லெஸ் அறைக்கு நடப்பார். பிறகு ஜெட்டிக்கு. மதியம் நனைந்து வருவார்.

"செய்தி லாங் ஐலண்டு போய்ச் சேந்துட்டாம் சார். அங்கருந்து டோங்கி கடக்க முடியலியாம்."

"உங்க டோங்கியை யார் ஓட்டுவா?"

"நாந்தான் ஓட்டுவேன்," என்றார். சட்டையைப் பிழிந்துவிட்டு, "அதான் இங்க இருக்கேனே" என்றார்.

எனக்கு அப்போது எழுந்து உட்காரத்தான் முடியும். கழிப்பறைக்கு அவர் தோளில்தான் போனேன். என் வேட்டியை அவர்தான் துவைத்தார். மனைவிக்கு நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிய அஞ்சலட்டையில் மயக்கம் என்கிற சொல் வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, "இதைப் போட வேண்டாம் சார், மதுரையில கெடந்து பதறுவாங்க. லேசான காய்ச்சல்னு போடுவோம்" என்றார். அப்படியே போட்டோம்.

பக்கத்துக் கட்டிலில் ராஞ்சியிலிருந்து வந்த சாலைக்கூலி ஒருவர் படுத்திருந்தார். அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. சூசை அவருக்கும் சேர்த்துத் தண்ணீர் வைப்பார். ஒரு நாள் காலை அந்தக் கட்டிலில் மெத்தை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அலுமினியக் குவளை மட்டும் ஸ்டூலில் இருந்தது. சூசை அதைக் கழுவி நர்ஸிடம் கொடுத்தார்.

காய்ச்சல் இறங்கிய பிறகும் தத்தா என் விரலைக் குத்துவதை நிறுத்தவில்லை. காய்ச்சல் கொடுக்கிற கிருமியை மாத்திரை கொன்றுவிடும். ஆனால் பிறை வடிவில் ஒரு வகைக் கிருமி ரத்தத்தில் சில வாரங்கள் தங்கும். அது நோயாளியை ஒன்றும் செய்யாது. கொசு உறிஞ்சிக் கொண்டுபோனால் அடுத்த ஆளுக்குப் போகும். அதைக் கொல்ல வேறு மாத்திரை உண்டு. அந்த மாத்திரையைச் சில நாள் தள்ளிப்போடலாமா என்று தத்தா டாக்டரிடம் கேட்டார். டாக்டர் என்னிடம் கேட்டார். வலைக்குள்ளேயே இருப்பதாக இருந்தால் சரி என்றார். நான் சரி என்றேன்.

தத்தாவுக்குத் தேவைப்பட்டது கிருமி நிச்சயமாக இருக்கிற ரத்தம். சூட்டறையில் வைக்காதே என்று எழுதிவிட்டால் முருகேசன் மறுபடி பூசணத்துக்குத் திரும்புவார். வேறு என்ன செய்ய வேண்டும் என்றும் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டும். காலையில் வலையைத் தூக்கி உள்ளே தலையை விட்டு, "கேலா இருக்கா, அக்பார் பாபு?" என்பார். பிறைக்கு அவர் வைத்த பெயர் கேலா, அதாவது வாழைப்பழம். ஒரு குத்துக்குப் பல சில்லுகள். நகத்தடியில் குத்தக் கூடாது என்று நர்ஸ் அவரைத் திட்டுவார்.

மேசையில் திறந்து வைத்ததை ஈ தின்றது. ரத்த வட்டத்தின் நடுவில் ஈ நக்கிய தடம் வெள்ளைப் புள்ளிகளாக இருந்தது. விசிறியின் கீழே உலர்ந்தது நன்றாக வந்தது, ஆனால் முகாமில் விசிறி இல்லை. அதையே தாளில் சுற்றி வார்டுக் குளியலறையின் மாடத்தில் வைத்தோம். அங்கே சோப்பிலும் பூசணம் பிடிக்கும். எடுத்துப் பார்த்தபோது தாள் சில்லோடு ஒட்டியிருந்தது. லாந்தர் மேல் காட்டி உலர்த்தியது காப்பிக் கொட்டை ஆனது. அதை மட்டும் தத்தா தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

பிறகு டப்பா. காலிப் பால்மாவு டப்பாவில் வறுத்த அரிசியைப் போட்டு மேலே சில்லுகளை வைத்தோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் எறும்பு கண்டுபிடித்துவிட்டது. அரிசிக்குப் பதில் சுட்ட கிளிஞ்சல் போட்டோம். நீர் தெளிக்காத சுண்ணாம்பு, காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானே குடிக்கும். முதல் முறை அதன் தூள் பறந்து ரத்தத்தின் மேல் படிந்துவிட்டது. தத்தா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்து, "டார்ஜிலிங்ல பனி பெய்யுது" என்றார். அடுத்த முறை கிளிஞ்சலைத் துணிப்பையில் கட்டி அடியில் வைத்தோம். மூடி இறுகவில்லை. சூசை ஜெட்டியில் யாரிடமோ கிழிந்த சைக்கிள் ட்யூப் வாங்கி வந்து, மூடியின் உட்புறத்துக்கு வளையமாக வெட்டினார்.

ஒரு மதியம் என்னை ஆய்வுக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். தத்தா நுண்ணோக்கி முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார். வெளிர் நீலத் தரையில் ஊதாவில் ஒரு சின்னப் பிறை இருந்தது. நடுவில் கறுப்பாகப் பொடி. பக்கத்தில் இன்னொன்று. குளியலறை மாடத்தில், கிளிஞ்சல் டப்பாவுக்குள் நாட்கணக்கில் இருந்த சில்லு அது.

"உங்க கேலா," என்றார் தத்தா. "பழுக்கவும் இல்ல, அழுகவும் இல்ல."

சூசையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதா சார் உங்களைக் கொல்லப் பாத்துச்சு? இத்தனூண்டு?"

"இது அதன் கூட்டாளி."

"பிலோமிக்கு உள்ளயும் இது இருக்குமோ?"

அந்தக் கடற்கரைத் தமிழ் தத்தாவுக்குப் புரியவில்லை. வார்டுக்குப் போகலாம் என்று சூசையின் தோளைப் பிடித்தேன்.

மறுநாள் வயர்லெஸ் அறையிலிருந்து ஒரு காவலர் டாக்டரைத் தேடி வந்தார். டாக்டர் தாளைப் படித்துவிட்டு நேராக என் கட்டிலுக்கு வந்தார். சூசையிடம் நீங்கள் சொல்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தன் தமிழ் போதாது என்றார். நான் தாளை வாங்கினேன். ஐந்தாறு சொற்கள்தான். அடிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சூசை வராந்தாவில் உட்கார்ந்து ட்யூப் வெட்டிக்கொண்டிருந்தார். முகாமுக்கு மட்டுமல்லாமல் மற்றத் தீவுகளுக்கும் சேர்த்து டப்பாக்கள் செய்யச் சொல்லித் தத்தா கத்திரிக்கோல் கொடுத்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் தனியாக நடந்து வந்ததைப் பார்த்து அவர் சிரித்தார். பிறகு என் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

சொன்னேன்.

அவர் கையிலிருந்த வளையத்தை வெட்டி முடித்தார். மூடிக்குள் அதைப் பொருத்தி, டப்பாவில் வைத்து அழுத்தி, திருப்பிப் பார்த்தார்.

"என்னைக்கு சார்?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை," என்றார். "சாருக்குச் சாத்துக்குடி உரிச்சுக் குடுத்துட்டிருந்தேன். கசக்குதுன்னு துப்புனீய."

அடுத்த டப்பாவை எடுத்தார். நான் கத்திரிக்கோலை வாங்கப் பார்த்தேன். கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை வெட்டினார். தத்தா வந்து, விஷயம் கேட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெட்டிய வளையங்களை ஒவ்வொன்றாக மூடிகளில் பொருத்தினார்.

டப்பாவோடு போக வேண்டிய குறிப்பை நான் தமிழில் எழுதினேன். தத்தா வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பாதியை அடிக்கச் சொன்னார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: கண்ணாடியைத் தட்டையாக வைக்கவும். ஈ படாமல் மூடவும். வெயிலிலோ, விளக்கிலோ, அடுப்பிலோ, சூட்டறையிலோ வைக்கக் கூடாது. மேலே ஈரம் போனதும் டப்பாவில் வைத்து மூடவும். கிளிஞ்சல் பொடிந்தால் மாற்றவும். லாந்தர் சூட்டில் வெந்த சில்லு ஒன்று ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் இருக்க வேண்டும், பார்த்தால்தான் நம்புவார்கள் என்றார் தத்தா. அதற்காக என் விரலை இன்னொரு முறை குத்தினார். அதன் பிறகுதான் அந்த மற்ற மாத்திரையைத் தந்தார்கள்.

கப்பல் வந்தபோது டாக்டர் என்னை இன்னும் சில நாள் இருக்கச் சொன்னார். நான் சூசையோடு போகிறேன் என்றேன். என் பெட்டியை அவர் தூக்கினார், டப்பாக்களை நான் மடியில் வைத்துக்கொண்டேன். கப்பலில் அவர் கடலைப் பார்க்கிற பக்கம் உட்காரவில்லை. என்ஜின் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று அவளோடு சண்டை போட்டதை மட்டும் ஒருமுறை சொன்னார். அவள் சொன்ன பெயர் அந்தோணி, அவர் சொன்னது மரியான்.

லாங் ஐலண்டில் இறங்கினோம். முகாமுக்கு அவர்தான் டோங்கியை ஓட்டினார். கடல் அன்று அடங்கிக் கிடந்தது.

கரையில் முருகேசன் நின்றுகொண்டிருந்தார். ஷேவ் செய்து பல நாள் ஆன முகம். கயிற்றைப் பிடித்துக் கட்டினார். சூசை இறங்கியதும் கிட்டே வந்தார்.

"நீங்க கப்பல் ஏறின மறுநாளே காய்ச்சல் வந்துருச்சு. மசக்கைக் காய்ச்சல்னு பொம்பளைங்க சொன்னாங்க. எனக்கும் கிருமி இல்லைங்கிற பதில்தான் மனசுல இருந்துது. செய்தி வந்தப்ப பிலோமினாவுக்கு நினைவே இல்லை. மாத்திரையைக் கரைச்சு ஊத்தினேன். வாந்தியா வந்துருச்சு."

சூசை தலையசைத்தார்.

"சூட்டறையிலதான் வெச்சேன் சூசை. நல்லா காயட்டும்னுதான் வெச்சேன்."

"எல்லாரும் அங்கதான வெப்போம்," என்றார் சூசை.

அவளைச் சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் அடக்கம் செய்திருந்தார்கள். படாக் பலகையில் சிலுவை. பலகை சூட்டறையில் காய்ந்தது, வெயிலும் மழையும் பட்டும் கோணவில்லை. சூசை அங்கே போய்விட்டு வந்தார். நான் வீட்டு வாசலில் காத்திருந்தேன். உள்ளே கொடியில் அவளுடைய சேலை ஒன்று கிடந்தது. தொட்டுப் பார்த்தார், ஈரம் இல்லை. மடித்து வைத்தார்.

மறுநாள் முகாமில் எல்லோருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முருகேசன் பெஞ்சை அலுவலக வாசலில் போட்டார். நான் குறிப்பைச் சுவரில் ஒட்டினேன். வெந்த சில்லையும் நல்ல சில்லையும் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஆட்கள் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தார்கள். கொதிகலன்காரர் ஒருவர், "இவ்வளவு நாளும் சும்மாவா எங்களைக் குத்துனீங்க?" என்று முருகேசனைக் கேட்டார். முருகேசன் ஆமாம் என்றார். சூட்டறையில் இருந்த தட்டை அவர் முந்தின நாளே கழற்றியிருந்தார்.

வரிசையில் யாரும் முன்னால் வரவில்லை. சூசை வந்து பெஞ்சில் உட்கார்ந்து விரலை நீட்டினார். முருகேசனின் முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. சொட்டைப் பரப்பி, தட்டையாக வைத்து, மேலே மஸ்லின் துணி போட்டு மூடினார். காய்ந்ததும் டப்பாவில் வைத்து மூடியை அழுத்தினார்.

புது டப்பாவில் எங்கள் முகாமிலிருந்து போன முதல் சில்லு அது. பதில் அடுத்த கப்பலில் வந்தது. கிருமி இல்லை.